ஒரு எழுத்து

மயிலாடுதுறை கோர்ட்டுக்கு எதிர்வாடையில்
ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கொரு மேசை.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
முத்திரையும் ‘மூலத்துக்கு மாறில்லை’ என்ற உறுதிமொழியும்
அதிலேயே அடக்கம்.

வக்கீல் ஜெகபர் அனுப்பிய கட்டில்
பதினோராம் பக்கம், நான்காம் பத்தி:
இறால் குட்டைகளிலிருந்து
அஃப்ளுவன்ட்
வாய்க்காலில் விடப்படுகிறது.

எஃப்ளுவன்ட் என்றால் கழிவுநீர்.
இதுவோ வளம், செழிப்பு, காசுள்ள குடும்பம்.
தட்டச்சு செய்தவர் விரல் வழுக்கியிருக்கிறது.
ஓரிடம் என்றால் கண்டும் காணாமல் போவேன்.
ஏழு இடம்.

அகராதியைப் பிரித்தேன்.
அட்டை கழன்றது, ஆனாலும் பொய் சொல்லாதது.
முதல் பொருள்: தடையின்றிப் பாய்ந்து வருவது.
அடுத்து: பேராற்றில் வந்து கலக்கும் சிற்றாறு.
பணம் மூன்றாவதாகத்தான் வருகிறது,
ஆற்றின் பெயரை வாங்கிக்கொண்டு.

அவர்களுக்கு அது வந்து சேர்வது.
நாம் செல்வம் என்கிறோம்.
செல் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு
செருப்பைக் கழற்றாமல்
வாசலில் நிற்கிற விருந்தாளி.

வந்து கலக்கும் ஆறுக்கு
எங்கள் பக்கம் உதாரணம் கிடையாது.
பவானி, நொய்யல், அமராவதி,
கலப்பதெல்லாம் மேற்கே முடிந்துபோகும்.
முக்கொம்பு தாண்டினால் பாகப்பிரிவினைதான்.
கொள்ளிடம் போக, வெண்ணாறு போக,
குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் போக,
ஷட்டருக்கு ஷட்டர் கொடுத்துக் கொடுத்து
பூம்புகாரில் கடலைப் பார்க்கும்போது
காவிரியே ஒரு வாய்க்கால்.
அதற்கும் கடைசியில், கடைமடையில்,
தவமணிக்கு மூன்று மா.

மனுதாரர் அவர்தான்.
கைநாட்டு இல்லை, கையெழுத்து,
‘ணி’யின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாக.
போன குறுவையில் நாற்றங்கால் வெளுத்தது.
உரம் காணாது என்று நினைத்தாராம்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாராம்.

மாடியேறி வந்து உட்கார்ந்தார்.
‘வாய்க்கால்ல விட்டது என்னன்னு எழுதியிருக்கு?’
சொன்னேன்.
சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
‘சரியாத்தான் எழுதியிருக்கான்.
குட்டைக்காரரு வீட்டுக்கு ரெண்டாவது மாடி வந்துச்சு.
என் வயலுக்கு உப்பு வந்துச்சு.
ஒரே மோட்டாருதானே.’

போனில் ஜெகபர் பொறுமை இழந்தார்:
‘கழிவுன்னே போடுங்க மேடம்.
விட்டா அந்த ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு
எதிர்த்தரப்பு மூணு வாய்தா ஓட்டிடும்.’
மூலத்துக்கு மாறில்லை என்று
நான்தானே கையெழுத்துப் போட வேண்டும்?
‘அப்ப நீங்க யார் பக்கம்?’ என்று கேட்டார்.
பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது.
போனுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை.
ஆனாலும் வைத்துவிட்டேன்.

ஏழு இடத்திலும் செல்வம் என்றே எழுதினேன்.
குட்டைகளிலிருந்து செல்வம் வாய்க்காலில் விடப்படுகிறது.
செல்வத்தின் உப்பளவு அனுமதித்த வரம்பை மீறியுள்ளது.
செல்வம் பாய்ந்த வயல்களில் பயிர் கருகியுள்ளது.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்சத்திரம்.
பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:
மூலத்தில் எழுத்துப்பிழை; கழிவுநீர் எனக் கொள்க.
தவமணியிடம் அடிக்குறிப்புக்குக் காசு வாங்கவில்லை.
அது தர்மம் இல்லை,
அதற்கு ரேட் நிர்ணயிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாய்தா ஆடி பதினெட்டுக்கு மறுநாள்.
மேட்டூர் திறந்து நாளாச்சு என்கிறார்கள்.
தலைப்புத் தண்ணீர் இன்னும்
குத்தாலத்தைத் தாண்டவில்லையாம்.

ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு
கீழ்க்கடைப் பூங்கோதை வந்தாள்.
அறை முழுக்கக் காகிதத் துணுக்குகள்,
பென்சில் சீவல், ஒரு செத்த கரப்பான்.
‘அக்கா, பெருக்கட்டுமா?’

இரண்டு காலையும்
நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பெருக்கு, என்றேன்.